பாப்பா அறையில் எத்தனை பேர்?

கேள்வி: என் 98 நாள் பிரசவ விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. தொழிற்சாலை வேலை, காலை 7 மணி ஷிப்ட். பக்கத்தில் கடைவீட்டு மாடியில் ஒரு தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) இருக்கிறது. ஏசி, கேமரா எல்லாம் உண்டு. கைப்பேசியிலேயே பிள்ளையைப் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா தனியாக வீட்டில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்; கட்டணம் பாதிதான். எங்கே விடுவது? – வாசகி, பிறை, பினாங்கு, மலேசியா

பதில்: முதலில் அந்த அக்கா. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ, வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து, காசுக்குப் பார்த்துக்கொள்ளப்பட்டால், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி அந்த வீடும் தாஸ்காதான். சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை என்பதாலேயே அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். ஆனால் கணக்கு இடிக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. ஐந்து பிள்ளைகளோடு ஏற்கெனவே அவருக்குக் கை நிறைந்திருக்கும். உங்கள் பாப்பா ஆறாவது.

மாடித் தாஸ்காவில் சுவரில் மாட்டியிருக்கும் சமூகநல இலாகாவின் பதிவுச் சான்றிதழைக் கிட்டப் போய்ப் படியுங்கள்: முகவரி அதுதானா, காலாவதி ஆகிவிட்டதா? பாலர் பள்ளிக்கான கல்வி அமைச்சின் சான்றிதழைக் காட்டிவிட்டு, உள்ளே கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அது வேறு, இது வேறு.

பிறகு மதியம் 12.30க்குப் போய் நில்லுங்கள். காலையில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். மதியம்தான் ஒரு குழந்தைக்குப் பால், ஒன்றுக்குக் கஞ்சி, ஒன்று தூங்க அழும். பராமரிப்பாளர்களும் அப்போதுதான் முறைவைத்துச் சாப்பிடப் போவார்கள். பாப்பா அறையில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள். சமையல்காரரையும் அலுவலகத்தில் இருப்பவரையும் சேர்க்காதீர்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் அவர் இடத்தில் யார் என்று கேளுங்கள். "சமாளித்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

தூங்கும் இடத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். கைக்குழந்தை மல்லாந்து, சமமான கெட்டி மெத்தையில், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல் தூங்க வேண்டும். நம் பாட்டிமார் தைத்துத் தரும் கடுகுத் தலையணையும் வேண்டாம். ஸ்பிரிங் ஏணையில் துணி தொய்ந்து, தாடை நெஞ்சில் பட்டு மூச்சுக்குழல் மடங்கலாம். முகமும் வெளியே தெரியாது. ஆள் குறைந்த இடத்துக்கு ஏணை வசதிதான், ஒரே ஆள் மூன்றை ஆட்டிவிடலாம். வீட்டில் ஏணை பழகியிருந்தால் இன்றே மெத்தைக்கு மாற்றத் தொடங்குங்கள். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பால் கொடுப்பதைக் கண்டால் அந்த இடமே வேண்டாம். புரையேறினால் பார்க்க ஆள் இருக்காது.

பீச்சிய பாலில் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள். குளிர்ப்பெட்டியில் 4 நாள் தாங்கும். வெளியே 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில்தான். நம் பினாங்கு வெயிலுக்கு நேரே குளிர்ப்பெட்டிதான். குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பால் ஓரிடத்தில் கொதித்து நாக்கைச் சுடும்.

பேம்பர்ஸ் மாற்றும் மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா? கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமியிடம் ஆல்கஹால் ஜெல் சரியாக எடுபடாது, சோப்புதான் வேண்டும். அந்த நோய் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும் விதியை எழுத்தில் கேளுங்கள். மருந்தும் உங்கள் கையெழுத்து இருந்தால் மட்டும்.

மாடி என்பதால் இன்னொன்று. தீப்பிடித்தால் இரண்டாவது படிக்கட்டு எங்கே? கிரில் கதவின் சாவி யாரிடம்? ஓர் ஆள் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியும்?

கேமரா இருப்பது நல்லதே. ஆனால் அழும் குழந்தையை அது தூக்காது. எந்த மூலை அதில் தெரியவில்லை, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு வையுங்கள்.

கடைசியாக, பலர் கேட்க மறப்பது: பாப்பா வழக்கமான நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் அரை மணி நேரத்துக்குள் உங்களையும் கணவரையும் அழைப்பார்களா? வழக்கம் மாறிய ஒரு காலையில்தான் பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையைக் காரிலேயே மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு அழைப்பு உயிரைக் காக்கும். சேர்க்கைப் பாரத்திலேயே அதை எழுதி வாங்குங்கள்.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அரை நாள், அரை நாளாக விட்டுப் பழக்குங்கள். விளக்கமில்லாத காயம் கண்டால் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண் 15999க்கு அழையுங்கள்.