சுபாவம் வேறு, ‘பாரம்’ என்ற பேச்சு வேறு

கேள்வி: என் மகனுக்கு 20 வயது; கல்லூரியில் படிக்கிறான். சிறுவயதிலிருந்தே தொட்டாற்சிணுங்கி. கன்றுக்குட்டியை விற்றபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. போன வாரம், “நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்” என்றான். அவன் சுபாவமே இப்படித்தானா, பயப்பட வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, கன்றுக்காகப் பட்டினி கிடந்தது சுபாவம், தன்னைப் பாரம் என்று சொன்னதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறர் துயரையும் இரைச்சலையும் ஒரு கடுஞ்சொல்லையும் மற்றவரைவிட ஆழமாக வாங்கிக்கொள்ளும் இயல்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோன் 1990களிலிருந்து எழுதிவருகிறார். அது நோயன்று, அத்தகையோர் நல்ல கவனிப்பு கிடைத்தால் மற்றவரைவிட நன்றாகத் தேறுவதும் உண்டு. ஆனால் அவமானம், தோல்வி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை அந்த இயல்போடு சேரும்போது ஆபத்து கூடுகிறது. ‘அவன் எப்போதுமே அப்படித்தான்’ என்று வீட்டார் பழகிப்போவதால் அது கண்ணில் படாமலும் போகிறது.

இன்றே அவனருகில் அமர்ந்து, “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது; பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதலாக இருக்கிறது. “இதற்கெல்லாமா அழுவார்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலைகுனிந்தாலோ, அவனைத் தனியே விடாமல் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று டெல்டா கிராமங்களில் இன்னும் தயங்குகிறார்கள். எண்ணத்தைச் சொன்னதற்காக எவர்மீதும் வழக்கு வராது, முயன்றவரைக்கூடத் தண்டனைக்குரியவராகப் பார்க்காமல் சிகிச்சைக்குரியவராகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது.

இன்னொன்றை நான் வற்புறுத்தியே சொல்வேன். சம்பாவுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்து நம் வீடுகளில் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகிக் கிடக்கும். அதை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்; மாத்திரைகளையும் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலை உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நின்று தணிவதால், அந்த நேரத்தில் கைக்கு எட்டாதிருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மருத்துவரிடம் முதல்முறை நீங்களும் உடன் செல்லுங்கள். சிறிது நேரம் அவன் தனியே பேசட்டும் என்று நீங்கள் வெளியில் காத்திருங்கள்.