நான்குக்கு மூன்று

அன்புள்ள ஐயா,

கிரேக்கப் பானை ஓவியங்கள் பற்றிய உங்கள் குறிப்போடு, கிரேக்க வீரர்கள் அக்கிலீஸும் அயாக்ஸும் உட்கார்ந்து தாயம் ஆடும் படம் ஒன்று இருந்தது. ஹோமரின் இலியட் காவியம் முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு காட்சியே இல்லை. ஓவியர் தப்பாக வரைந்துவிட்டாரா? அந்தக் கறுப்பு என்ன சாயம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கிரேக்க நூல் எதிலும் அந்த ஆட்டம் கிடையாது. இலியட் பத்து வருட டிராய் போரில் சில வாரங்களைத்தான் சொல்கிறது. மற்றதெல்லாம் வேறு பாடல்களிலும் ஊர்வாய்க் கதைகளிலும் கிடந்தது. பானை செய்தவர்கள் ஹோமரைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வரையவில்லை.

இதை வரைந்தவர் எக்செகியாஸ், ஏதென்ஸ்காரர். காலம் கி.மு. 540-530. இத்தாலியின் வுல்சியில் கிடைத்து, இப்போது வத்திக்கானில் இருக்கிறது. ‘எக்செகியாஸ் என்னை வரைந்தான், செய்தான்’ என்று ஜாடியே பேசுவதுபோல் கையெழுத்தும் உண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காமிக்ஸில் வருவதுபோல இருவர் வாயிலிருந்தும் எழுத்துகள் கிளம்புகின்றன. அக்கிலீஸ் ‘நான்கு’ என்கிறான், அயாக்ஸ் ‘மூன்று’ என்கிறான். அக்கிலீஸ் தலைக்கவசத்தோடு ஒரு பிடி உயரமாகத் தெரிகிறான். அயாக்ஸ் தன்னுடையதைக் கழற்றிப் பின்னால் கேடயத்தின் மேல் வைத்திருக்கிறான். ஆட்டத்திலும் இருவர் கையிலும் ஈட்டிகள். மேலாடைப் பூவேலையைப் பாருங்கள், ஒவ்வொரு கோடும் கூர்முனையால் கீறியது. என்ன பொறுமை!

அப்புறம் அந்தக் கறுப்பு. அது சாயமே இல்லை, நன்றாக வடித்தெடுத்த களிமண் கரைசல். சூளையில் முதலில் காற்று விட்டால் எல்லாம் சிவக்கும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் எல்லாம் கறுக்கும். திரும்பக் காற்று விடும்போது பானை மட்டும் சிவப்புக்குத் திரும்பும். கரைசல் பூசிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நின்றுவிடும்.

ஒரு புள்ளியில் தோற்கும் அயாக்ஸை எக்செகியாஸ் அதோடு விடவில்லை. அக்கிலீஸ் செத்தபின் அவன் ஆயுதங்கள் இன்னொரு கிரேக்க வீரன் ஒடிசியஸுக்குப் போகின்றன, அவமானத்தில் அயாக்ஸ் தன் வாள்மேல் விழுந்து சாகிறான். மற்ற ஓவியர்கள் பெரும்பாலும் வாள் பாய்ந்த உடலைத்தான் வரைந்தார்கள். பிரான்ஸின் பூலோன் நகரில் இருக்கும் ஜாடியில் எக்செகியாஸ் அதற்குச் சற்று முந்தைய நேரத்தை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் பனை இனத்து மரம், மறு பக்கம் கேடயமும் தலைக்கவசமும். நடுவில் குனிந்து உட்கார்ந்த அயாக்ஸ், வாளை முனை மேலாக நட்டு, அடியில் மண்ணைத் தட்டி இறுக்கிக்கொண்டிருக்கிறான்.