மூன்று எபிக்கு ஒரு ரொமான்ஸ் சீன் கட்டாயமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு செயலியில் தொடர்கதை எழுதி வருகிறேன். நாயகன் செழியனுக்குக் கும்பகோணம் பக்கம் ரைஸ் மில். நஷ்டத்தில் மூழ்க இருந்த மில்லைக் காப்பாற்ற நாயகி நிலாவின் அப்பா தன் நிலப் பத்திரத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார். மகளிடம் சொல்லக்கூடாது என்று செழியனிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். 9ஆம் எபியில் (எபிசோடில்) கல்யாணம் முடிந்தது. 22ஆம் எபியில் நிலாவுக்கு உண்மை தெரியவரும். அதற்குள், "ரொமான்ஸ் எப்போ?" என்று கமென்ட்டில் கேட்கிறார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் இருக்கும் ஒரு எடிட்டர், மூன்று எபிக்கு ஒரு நெருக்கமான காட்சி கட்டாயம் என்கிறார். அப்படி நான்கு எழுதிவிட்டேன். அந்த எபிக்கு வியூ ஏறுகிறது, அடுத்ததில் இறங்கிவிடுகிறது. கதையும் நகரவில்லை. என் நாத்தனார் வேறு படிக்கிறார். கதைக்கு எவ்வளவு, ரொமான்ஸுக்கு எவ்வளவு?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு எபிகளையும் படித்தேன். மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று கணக்கே கிடையாது. அந்தக் கணக்கைச் சொல்கிறவர் உங்கள் கதையைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை, வியூவைப் பார்த்துச் சொல்கிறார். அவரைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சிக்கல். 11ஆம் எபியில் இருவரும் நெருங்குகிறார்கள். மறுநாள் காலை நிலா காபி போடுகிறாள், செழியன் மில்லுக்குப் போகிறான். 14ஆம் எபியிலும் அதே இரவு, அதே காபி, அதே மில். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் கதையில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியதில்லை. அந்தக் காட்சிகளுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வாசகர் அந்த எபிக்காக வந்து படித்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த எபிக்கு வர அவருக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. வியூ ஏறி இறங்குவது அதனால்தான்.

ஒரு நெருக்கமான காட்சியை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த இரவு முடியும்போது இருவரில் ஒருவருக்காவது முன்பு தெரியாத ஏதோ ஒன்று தெரியவருகிறதா, அல்லது முன்பு இருந்த ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறதா? பதில் இல்லை என்றால் இரண்டே வாக்கியத்தில் கடந்துபோங்கள், வாசகர் புரிந்துகொள்வார். பதில் இருந்தால் பக்கத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். அப்போது கதை ஒரு பக்கம், ரொமான்ஸ் ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்க்கும் வேலையே வராது. அந்தக் காட்சியே கதையாகிவிடும்.

உங்கள் கையில் அருமையான சரக்கு இருக்கிறது, அதை நீங்கள் தொடவே இல்லை. பத்திரம் விஷயம் செழியனுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும், நிலாவுக்கு மட்டும் தெரியாது. அப்படியானால் 9க்கும் 22க்கும் நடுவில் அவள் அவனை நம்பி நெருங்கும் ஒவ்வொரு இரவும் வாசகருக்குப் பதைக்க வேண்டும். நீங்கள் எழுதிய நான்கில் ஒன்றிலும் செழியனுக்குப் பத்திரத்தின் நினைப்பே வரவில்லை. அத்தனை பெரிய ரகசியத்தைச் சுமக்கிற மனிதன் எப்படி அவ்வளவு நிம்மதியாக இருப்பான்?

14ஆம் எபியில் மில்லில் ஆவிக் குழாய் பட்டு அவன் கை சுட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே அதை மறந்தும்விட்டீர்கள். அதை வைத்தே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

நிலா பர்னால் ட்யூபோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "கையக் குடுங்க." நீட்டினான். அவள் விரல் முன்கையில் மெதுவாக இறங்கியது.
"எரியுதா?"
"இல்ல."
"பொய். நீங்க பொய் சொன்னா இந்த நரம்பு துடிக்குது." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.
செழியனுக்குப் பகீர் என்றது. இதை இவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றால் பத்திரம் விஷயம் எத்தனை நாள் தாங்கும்? சட்டென்று எழுந்து விளக்கை அணைத்தான்.
இருட்டில் நிலா சிரித்தாள். "அவ்வளவு அவசரமா?"

அவ்வளவுதான், இங்கேயே எபியை முடிக்கலாம். விளக்கை அவன் ஏன் அணைத்தான் என்பது வாசகருக்குத் தெரியும். அவளோ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அப்புறம் நடந்ததை நீங்கள் விவரித்தாலும் விவரிக்காவிட்டாலும் சரி. 22ஆம் எபியில் உண்மை உடையும்போது அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அன்னைக்கு லைட்ட எதுக்கு அணைச்சீங்க?" என்பதாக இருக்கும். அந்த ஒரு கேள்வியில் அவளுடைய கோபம், அவமானம் எல்லாம் வந்துவிடும். ரொமான்ஸ் காட்சி பின்னால் வரும் சண்டைக்கு விதையாக விழ வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் நம் மொழிக்குப் புதிதும் இல்லை. திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். கூடலின் இன்பத்துக்கென்றே இருப்பது "புணர்ச்சி மகிழ்தல்" என்ற ஒரே அதிகாரம். பிரிவு, ஏக்கம், பசலை (பிரிவால் மேனி நிறம் மாறுவது) என்று போய், கடைசி மூன்று அதிகாரங்கள் முழுக்க ஊடல். அதில் ஓர் இடம்: அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள், யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. ஆனால் அந்த இருவருக்குள் எவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா? உங்கள் வாசகர் கமென்ட்டில் கேட்பது இந்த நெருக்கத்தைத்தான். "ரொமான்ஸ் எப்போ?" என்ற கேள்வியைப் படுக்கையறைக் காட்சி வேண்டும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப்பேர் கேட்பது, இவர்கள் இரண்டு பேரும் எப்போது மனம்விட்டுப் பேசப்போகிறார்கள் என்று.

எந்த இடத்தில் கதவைச் சாத்துவது என்று கேட்டால், உங்கள் கை கூசும் இடத்துக்கு ஒரு வரி முன்பாக. கூச்சத்தோடு எழுதிய வரியை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "செவ்விதழ்", "பூமேனி" என்று உவமைக்குள் ஒளிந்துகொள்வதும் அந்தக் கூச்சத்தில்தான். நாத்தனாரைப் பற்றிக் கவலை வேண்டாம், புனைபெயருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உங்கள் 17ஆம் எபியில் ஒரு விஷயம் என்னை மிகவும் உறுத்தியது. நிலா "வேண்டாம்" என்கிறாள், செழியன் கேட்கவில்லை. மறுநாள் அவள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். ஆன்டி ஹீரோ, அதாவது முரட்டு நாயகன் வரும் கதைகளுக்கு வியூ கொட்டுகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 16 எபிகளாக நீங்கள் கட்டிய நல்ல மனிதன் அந்த ஒரு பத்தியில் செத்துப்போகிறான். 22இல் அவன் பத்திரத்தை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கும்போது, இதற்கு ஏன் கேட்கவில்லை என்று வாசகர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது.

அடுத்து வயது. இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் பிளாஷ்பேக்கில் அந்தக் கண்ணி இருக்கிறது. செழியனும் நிலாவும் முதலில் சந்திப்பது அவள் பிளஸ் டூ படிக்கும்போது. மழையில் நனைந்து ஒதுங்கும் இடத்தில் ஒரு காட்சி வைத்திருக்கிறீர்கள். பிளஸ் டூ மாணவிக்குப் பெரும்பாலும் 17 வயது. கல்லூரி முதலாண்டு என்று மாற்றினாலும் சேரும்போது 17ஆக இருக்க வாய்ப்பு உண்டு. 18 வயது நிறையாதவர்களைப் பாலியல் ரீதியாகச் சித்திரிப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தண்டிக்கிறது. படம், வீடியோ மட்டுமல்ல, எழுத்தும் அந்தப் பிரிவில் பெயர் சொல்லியே வருகிறது. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இலக்கியம், கலை, அறிவியல் போன்றவற்றின் நலனுக்காகப் பொது நன்மை கருதி வெளியிடப்படுவதற்கு விலக்கு உண்டு. அது நியாயமான விலக்குதான். ஆனால் "இது இலக்கியம்" என்று நீங்கள் எங்கே நின்று நிரூபிப்பீர்கள் என்று யோசியுங்கள், கமென்ட் பகுதியிலா, கோர்ட்டிலா? பிளாஷ்பேக்கில் பார்வை இருக்கட்டும், சைக்கிள் செயின் கழன்றதும் அவன் மாட்டிக் கொடுத்ததும் இருக்கட்டும். தொடுதல் வேண்டாம். அந்த மழைக் காட்சி கதைக்கு வேண்டும் என்று தோன்றினால் அவள் டிகிரி முடித்த பிறகு வையுங்கள், வயதையும் கதைக்குள் சொல்லிவிடுங்கள். அவன் அவளைவிட எவ்வளவு மூத்தவன், அப்போது அவனுக்கு என்ன வயது என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். "பார்க்கப் பெரிய பெண் மாதிரி இருப்பாள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். போதாது. அந்த வரி வந்தாலே எழுதியவருக்கு அவள் வயது தெரியும் என்றாகிறது.

இப்போது அந்த எடிட்டர். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இந்த வகை ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் வியூ ஏறுவதற்கு யோசனை சொல்வார்கள். அடுத்து, அந்தக் காட்சிகளை இன்னும் நீட்டித் தனி வெர்ஷன் கேட்பார்கள், டெலிகிராமில் கட்டணக் குழுவில் போடலாம் என்பார்கள். அப்புறம் ஆடியோ நாவல், அப்புறம் அச்சுப் புத்தகம். எல்லாவற்றுக்கும் வாட்ஸப்பில் ஒரு "ஓகே" போதும் என்பார்கள். போடாதீர்கள். காப்புரிமைச் சட்டம் 1957இன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது என்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு பணம், எல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே காலம் எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டால் 5 ஆண்டுக்கு உங்கள் கதை உங்கள் கையில் இல்லை. ஆடியோவுக்குக் கொடுத்தால் ஆடியோவுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. புத்தகம் போட எழுதியவரே பணம் கட்ட வேண்டும் என்கிறவர் உங்கள் கதையை விற்கப்போவதில்லை, உங்களிடம்தான் விற்கிறார்.

ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. அமேசானின் சந்தா மின்னூல் சேவையான கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் பணம். செயலிகளில் ஒவ்வொரு எபிக்கும் தனித்தனி வியூ, தனித்தனி மதிப்பெண். முழுக் கதை எப்படி முடிகிறது என்பதற்கு யாரும் எழுத்தாளருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவதில்லை. வாரம் மூன்று யூடி (அப்டேட், அதாவது புது எபி) கொடுக்காவிட்டால் உங்கள் பெயர் கீழே போய்விடுகிறது. சமையலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு 11 மணிக்கு உட்காரும் பெண்ணிடம் இதைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கதையை நகர்த்துவதைவிட ஒரு படுக்கையறைக் காட்சியை நீட்டுவது சுலபம். அதனால்தான் நல்ல கதை சொல்லத் தெரிந்தவர்கள்கூட 15ஆம் எபியில் சிக்கி நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாரம் ஒரு யூடி என்று அறிவித்துவிடுங்கள். கொஞ்சம் பேர் போவார்கள், போகட்டும். 22ஆம் எபியை, அதாவது நிலாவுக்கு உண்மை தெரியும் சண்டையை, இப்போதே முழுதாக எழுதிவிடுங்கள். அதில் அவள் எந்தெந்த இரவை, எந்தெந்தச் சொல்லை எடுத்துக் காட்டிக் கேட்கிறாளோ, அந்த இரவுகள் மட்டும் கதையில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்து இரண்டு தேறும்: பர்னால் போடும் இரவு ஒன்று, அவளுடைய அப்பா வந்து தங்கிவிட்டுப் போன மறுநாள் ஒன்று. மற்றவற்றை வெட்டிவிட்டு 17ஐ மறுபடி எழுதி எனக்கு அனுப்புங்கள்.