புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் கர்ப்பத்தின் முதல் வாரங்களும்: கேள்வி பதில்

புரோஜெஸ்டிரோன் என்பது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன். அதைப் பிடித்துக்கொண்டு செல்லை வேலை செய்யவைக்கும் புரதம்தான் ஏற்பி. கரு பதியும் நாட்களில் கருப்பை உட்சுவரில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி என்ன செய்கிறது, அதன் மரபணுவில் உள்ள நியாண்டர்தால் (அழிந்துபோன பழைய மனித இனம்) வடிவம் எதைக் காட்டுகிறது என்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

உயிர்வேதியியல் மாணவி: அக்கா, இந்த ஏற்பியில் ஏ, பி என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டு மரபணுவா?

மரபணு ஒன்றுதான்ம்மா, 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதைப் படிக்கத் தொடங்கும் இடம்தான் இரண்டு. முன்னாலிருந்து படித்தால் 933 அமினோ அமிலங்கள் கொண்ட பி வடிவம். தள்ளித் தொடங்கினால் முதல் 164 அமிலங்கள் விடுபட்ட ஏ வடிவம். சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்காதே. ஏ வடிவம் மட்டும் இல்லாத எலிகளை 2000-இல் ஆராய்ந்தபோது கருப்பையும் சினைப்பையும் சரியாக இயங்கவில்லை, பால் சுரப்பி மட்டும் ஒழுங்காக வளர்ந்தது. பி இல்லாத எலிகளில் அப்படியே நேர்மாறு.

மனிதக் கருப்பையில் கரு பதியும் சமயத்தில் உட்சுவரின் மேல்வரிசை எபிதீலியம் செல்களில் ஏற்பி குறைந்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் ஸ்ட்ரோமா செல்களில் அது தங்கியிருக்கும், அங்கே ஏ வடிவத்தின் கைதான் ஓங்கியிருக்கும். அந்தச் செல்கள்தான் உப்பிப் பெருத்து, கருவைத் தாங்கும் டெசிடுவாவாக மாறுகின்றன. அதனால் மொத்தத் திசுவையும் அரைத்து ஏற்பியின் அளவை ஒரே எண்ணாக எடுத்தால் பாதிக் கதை போய்விடும். உன் புராஜெக்டில் இதைக் கவனி.

ஒரு வாசகர்: நியாண்டர்தால்களிடமிருந்து வந்த மரபணு கர்ப்பத்தைக் காக்கிறது என்று படித்தேன் மேடம். நம்பலாமா?

நம்பலாம், அளவோடு. ஹியூகோ ஸீபெர்க், ஜேனட் கெல்சோ, ஸ்வாந்தே பேபோ மூவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. இந்த வடிவத்தில் ஏற்பியின் 660-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் என்பது இருக்கும். ஐரோப்பியப் பெண்களில் கிட்டத்தட்ட மூவரில் ஒருவரிடம் இது உண்டு. பிரிட்டன் மக்களின் தரவில், இது உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தப்போக்கும் கருச்சிதைவும் குறைவாக இருந்தன, உடன்பிறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். காரணத்துக்கான தடயமும் கிடைத்தது: இவர்களிடம் ஏற்பி அதிகமாக உற்பத்தியாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கலந்த ஒரு மரபணு இன்றும் கருப்பையில் வேலை செய்கிறது என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

ஆனால் இதே வடிவத்தைக் குறைமாதப் பிரசவத்தோடு இணைத்த ஆய்வுகளும் உண்டு. நல்ல மரபணு என்று முத்திரை குத்திவிட முடியாது.

ஒரு சகோதரி: இரண்டு முறை கலைந்துவிட்டது அக்கா. இந்த மரபணுவை டெஸ்ட் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம்மா, காசுதான் வீண். அந்த ஆய்வு கூட்டத்தின் சராசரியைச் சொல்கிறது, ஒரு பெண்ணின் அடுத்த கர்ப்பத்தைக் கணிக்காது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் சுமார் பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதால் நடப்பவை. மாடிப்படி ஏறியதோ, பஸ்ஸில் போனதோ, யாரோ கொடுத்த பப்பாளித் துண்டோ அதைச் செய்யவில்லை. வீட்டில் யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் இந்த பதிலைக் காட்டுங்கள். பார்க்க வேண்டியவை வேறு: ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்புப் பொருள்), தைராய்டு, கருப்பையின் அமைப்பு. இவற்றுக்குச் செய்ய வழியும் இருக்கிறது.

இன்னொருவர்: சாப்பாட்டால் ஏற்பியைக் கூட்ட முடியுமா?

முடியும் என்று காட்டிய உணவு எதுவும் இல்லை. கருப்பையில் அதைக் கூட்டுவது ஈஸ்ட்ரோஜன், அதைச் சினைப்பையே பார்த்துக்கொள்கிறது.

ஏழு வாரக் கர்ப்பிணி: லேசாக இரத்தம் பட்டது, டாக்டர் புரோஜெஸ்டிரோன் எழுதியிருக்கிறார். எனக்கு முன்பு ஒருமுறை கலைந்திருக்கிறது. ஏற்பி குறைவாக இருந்தால் மருந்து வேலை செய்யுமா?

டாக்டர் ஏற்பியை அளந்து எழுதவில்லைம்மா, அளக்கவும் முடியாது. அதற்குக் கருப்பைத் திசு வேண்டும், கர்ப்பத்தின்போது அதை யாரும் எடுக்க மாட்டார்கள். இரத்தப்போக்கையும் பழைய கருச்சிதைவையும் வைத்துத்தான் எழுதியிருப்பார், அதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019-இல் வெளியான பிரிட்டனின் பிரிஸம் ஆய்வில், புரோஜெஸ்டிரோனைச் சோதிக்க, கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தப்போக்கு இருந்த 4,153 பெண்கள் சேர்ந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குழந்தை பிறந்தது மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம், எடுக்காதவர்களில் 72. உறுதியாகச் சொல்லப் போதாத வித்தியாசம். ஆனால் முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்தவர்களில் மருந்து எடுத்தவர்களுக்கு 72 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 57. இதற்குப் பிறகு, உங்களைப் போல ஒருமுறையாவது கலைந்து, இப்போது இரத்தப்போக்கும் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-இல் பரிந்துரைத்தது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியாகியிருக்க வேண்டும்.

ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை நுனியில் வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காதீர்கள், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.