'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?

கே: 'டேக்' என்ற வினைச்சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?

ப: மாணவர் அகராதியிலேயே சுமார் 40. எண்ணிப் பயனில்லை. பின்னால் எந்தப் பெயர்ச்சொல் வருகிறது என்று பாருங்கள்.

கே: 'டேக் அப்' அர்த்தம் சொல்லவும். அவசரம்.

ப: எந்த வாக்கியத்தில்? சோபா 'டேக் அப்' செய்தால் இடத்தை அடைக்கிறது. தையல்காரர் செய்தால் பேண்ட் நீளம் குறைகிறது. நீங்கள் யோகாவை 'டேக் அப்' செய்தால் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள். வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

கே: மகனின் லீவ் லெட்டரில் 'ஹி டுக் வாமிட்' என்று எழுதினேன். டீச்சர் சிரித்தாராம்.

ப: சிரிக்காமல் திருத்தியிருக்கலாம். தமிழில்தான் வாந்தி எடுக்கிறோம், பசி எடுக்கிறது. ஆங்கிலத்தில் 'வாமிட்' என்பதே வினை. 'ஹி வாமிட்டட்' போதும்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது எதிர்த்திசையில் நடப்பது. 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்பதை 'இரண்டு மணி நேரம் எடுக்கும்' என்கிறார்கள். செய்தி வாசிப்பவர்களும் இப்படியே. நேரம் பிடிக்கும் ஐயா, இல்லையென்றால் ஆகும்! பஸ், மாத்திரை, பரீட்சை, சீட், நான்குக்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான். நாமோ பஸ்ஸைப் பிடிக்கிறோம், மாத்திரையைப் போடுகிறோம், பரீட்சையை எழுதுகிறோம், சீட்டில் உட்காருகிறோம். ஓர் 'எடு'கூட இல்லை. 'டேக் எ பஸ்' என்பதை 'பேருந்தை எடு' என்று எழுதிய பையனிடம், "டிரைவர் சும்மா விடுவாரா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சரி, நானும் அந்த டீச்சர் மாதிரிதான். மறுபடியும் சொல்கிறேன்: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்.

கே: 'டேக் ஆஃப் இட்' சரியா, 'டேக் இட் ஆஃப்' சரியா?

ப: கழற்று என்ற பொருளில் இரண்டாவது. 'இட்', 'தெம்' எல்லாம் நடுவில்தான் வரும். விமானம் கிளம்பும் 'டேக் ஆஃப்' பிரியாது.

கே: நான் ஆசிரியை. 'ஐ டேக் கிளாசஸ்' என்று சொல்லலாமா?

ப: இந்தியாவில் தாராளமாக. அமெரிக்காவில் சொன்னால் நீங்கள் எங்கேயோ படிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அங்கே 'டீச்' என்று சொல்லுங்கள்.

கே: 'டேக்' அசல் ஆங்கிலச் சொல்தானா?

ப: இல்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்த சொல்; அவர்கள் பேசிய நார்ஸ் மொழியைச் சேர்ந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் அதே பொருளில் இருந்த 'நிமன்' என்ற வினையை விரட்டிவிட்டது. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகிறதே, அந்த 'நம்ப்' (கடைசி 'பி' ஒலிக்காது) 'நிமன்' விட்டுப்போன மிச்சம். உணர்வு பறிபோனது என்று பொருள்.