மச்சானா, சித்தப்பாவா?

கேள்வி: செல்போன் நிறுவனங்களுக்கு 2ஜி அலைக்கற்றை ஒதுக்கியதில் முறைகேடு என்ற வழக்கின் பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் மச்சான் ‘1.76 லட்சம் கோடி’ என்பார், சித்தப்பா ‘அதான் எல்லாரும் விடுதலையாச்சே’ என்பார். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இருவருமே பாதியைத்தான் சொல்கிறார்கள். 1.76 லட்சம் கோடி என்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010 அறிக்கையில் போட்ட உத்தேசக் கணக்குகளில் பெரியது, அதே அறிக்கையில் 57 ஆயிரம் கோடிக் கணக்கும் உண்டு, சிபிஐ குற்றப்பத்திரிகையிலோ சுமார் 31 ஆயிரம் கோடிதான். அரசுக்கு வராமல் போன வருமானத்தின் மதிப்பீடு அது, யாரோ மூட்டை கட்டிக்கொண்டு போன பணம் அல்ல.

சரி, சித்தப்பா? 2017 டிசம்பரில் வழக்கை விசாரித்த நீதிபதி ஓ.பி.சைனி, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தார். சட்டப்படி செல்லும் ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு வருடமாக, கோடை விடுமுறையில்கூட, காலை 10 முதல் மாலை 5 வரை உட்கார்ந்து காத்திருந்தது வீணாகிவிட்டது என்று தீர்ப்பிலேயே எழுதினார் (அரசுத் தரப்புக்கு இதைவிடப் பெரிய குட்டு வேண்டுமா?). ஆனால் 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டில் கொடுத்த 122 உரிமங்களை ரத்து செய்ததே, அதை ஏன் சித்தப்பா வசதியாக விட்டுவிடுகிறார்? ஒதுக்கிய முறை தவறு என்பது ஒன்று, இன்னார் லஞ்சம் வாங்கினார் என்பது வேறு. முதலாவது உறுதியானதால் இரண்டாவதும் நிரூபணமாகிவிடாது. அப்புறம், சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

அடுத்த சண்டையில், பேசுவது தணிக்கையைப் பற்றியா, குற்றப்பத்திரிகையா, தீர்ப்பா என்று மட்டும் கேளுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.