பல கிளப்புகளுக்கு மாறி ஆடும் தடுப்பாட்டக்காரருக்கு உண்மையில் எது மாறுகிறது? லிலியன் துராமை முன்வைத்து ஒரு பதில்

ஒரு தடுப்பாட்டக்காரர் நான்கைந்து கிளப்புகளுக்கு மாறும்போது அவருடைய ஆட்டத்தில் என்ன மாறுகிறது, அவருடைய தொழில்வாழ்க்கையை எதை வைத்து எடைபோடுவது, ஒரு வீரரை வைத்து விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்கள வீரரைப் பற்றிய கேள்வியாக இருந்தால் எந்தக் கிளப்பில் எத்தனை கோல் என்று கூட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். தடுப்பாட்டக்காரருக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. அவர் நன்றாக ஆடிய நாளில் எதுவுமே நடக்காததுபோல்தான் தோன்றும். ஆகவே கோப்பைகளை எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கிளப்பும் அவரைக் களத்தில் எந்த இடத்தில் நிறுத்தியது, அவருக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு எனக்குத் தெரிந்தவரை பிரெஞ்சுக் கால்பந்து வீரர் லிலியன் துராமைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. தன்னை சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) என்றே கருதிய அவரை உலகம் இன்றும் வலது பேக் (பின்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவர்) என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் கடந்துவந்த மொனாக்கோ, பார்மா, யுவெந்துஸ், பார்சிலோனா ஆகிய நான்கு கிளப்புகளின் கதையும் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே நடந்த இழுபறிதான்.

கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் 1972ஆம் ஆண்டு சனவரி 1ஆம் தேதி பிறந்த துராம், ஒன்பது வயதில் பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ பக்கம் வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய், அக்கம்பக்கத்துச் சிறு கிளப்புகள், அங்கிருந்து மொனாக்கோ என்று அவருடைய தொடக்க காலம் போயிற்று. அதுவரை பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன் மொனாக்கோவில்தான் முழுமையான தடுப்பாட்டக்காரர் ஆனார். அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்தவர், பிற்காலத்தில் ஆர்செனலில் பெயர்பெற்ற ஆர்சேன் வெங்கர். 1991இல் மொனாக்கோ பிரெஞ்சுக் கோப்பையை வென்றது. 1994 ஆகஸ்டில் போர்தோ நகரில் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் துராம் பிரான்சுக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். அந்த ஆட்டத்தை யாரும் துராமுக்காக நினைவில் வைத்திருப்பதில்லை; அதே ஆட்டத்தில்தான் சினதின் சிதானும் அறிமுகமாகி, பிரான்சு இரண்டு கோல் பின்தங்கியிருந்த நிலையில் இரண்டையும் தானே அடித்துச் சமன்செய்தார். தடுப்பாட்டக்காரரின் தலையெழுத்து முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1996இல் துராம் மொனாக்கோவை விட்டு இத்தாலியின் பார்மாவுக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே மொனாக்கோ பிரெஞ்சு லீக்கை வென்றது.

பார்மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்மலாட் என்ற பால்பொருள் நிறுவனத்தின் பணத்தில் எழுந்து நின்ற ஒரு சிறு நகரத்துக் கிளப் அது. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதன் பின்வரிசைக்கு நிகரான ஒன்றை ஐரோப்பாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோலில் இன்னும் இருபது வயது நிரம்பாத ஜியான்லூஜி புஃபோன். அவருக்கு முன்னால் ஃபாபியோ கன்னவாரோ, உயரம் குறைந்தவர், ஆனால் தலையால் முட்டும் பந்துகளில் தன்னைவிட உயரமானவர்களையும் தோற்கடிப்பவர். அவருக்குப் பக்கத்தில் துராம். முதல் பருவத்தில் கார்லோ அன்செலோட்டியின் கீழ் நால்வர் பின்வரிசையின் நடுவில் ஆடினார். இத்தாலிய லீக்கில் அந்த ஆண்டு பார்மா இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த யுவெந்துசுக்கும் அதற்கும் இரண்டே புள்ளிதான் வித்தியாசம்.

1998இல் ஆல்பர்ட்டோ மலேசானி பயிற்சியாளராக வந்து பின்வரிசையை மூவராக்கினார். நடுவில் அர்ஜென்டினாவின் ரொபெர்த்தோ சென்சினி, இடப்பக்கம் கன்னவாரோ, வலப்பக்கம் துராம். இந்த அமைப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மூவரில் வலப்பக்கம் நிற்பவர் பாதி சென்டர் பேக், பாதி வலது பேக். எதிரணியின் முன்கள வீரர் நடுவில் வந்தால் அவரோடு மோத வேண்டும். வலது ஓரத்தில் ஓடும் தியெகோ ஃபூசர் முன்னேறிப் போனதும், அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குப் பக்கவாட்டில் ஓடிப் போய் அடைக்க வேண்டும். கோலுக்கு முகம் காட்டி நிற்பவனைச் சமாளிப்பது ஒரு கலை என்றால், எல்லைக்கோட்டோரம் தனியாக ஓடிவருபவனைச் சமாளிப்பது முற்றிலும் வேறொரு கலை. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சியைத்தான் பார்மா துராமுக்குக் கொடுத்தது என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் எந்தப் பயிற்சியாளர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் தடுமாறாமல் ஆடியதற்கு அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

1999 மே மாதம் மாஸ்கோவில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான போட்டி) இறுதி ஆட்டத்தில் பார்மா 3-0 என்று பிரெஞ்சுக் கிளப்பான மார்செய்யை வீழ்த்தியது. மார்செய் அணியின் பின்வரிசையில் இருந்தவர் லோரான் பிளாங், பிரெஞ்சு தேசிய அணியில் துராமின் கூட்டாளி. அவர் தன் கோல்கீப்பருக்குத் தலையால் தட்டிவிட்ட பந்து வலுவில்லாமல் போக, அதை பார்மாவின் எர்னான் கிரெஸ்போ பிடித்து முதல் கோலாக்கினார். உலகக் கோப்பையைச் சேர்ந்து வென்ற இரு தடுப்பாட்டக்காரர்கள் ஓராண்டுக்குள் எதிரெதிரே நின்றபோது, ஒருவருக்கு அமைதியான இரவு, மற்றவருக்கு மறக்க முடியாத பிழை. அதே பருவத்தில் பார்மா இத்தாலியக் கோப்பையையும் வென்றது.

இப்போது அந்த உலகக் கோப்பைக்கு வர வேண்டும். கேள்வி கிளப்புகளைப் பற்றியது என்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. 1998இல் பிரெஞ்சுப் பயிற்சியாளர் எமே ஜாக்கேயிடம் நடுவில் நிறுத்த பிளாங்கும் மார்செல் டெசாய்லியும் இருந்தார்கள். எனவே கிளப்பில் நடுவில் ஆடிக்கொண்டிருந்த துராம் நாட்டுக்காக வலது ஓரத்துக்குப் போனார். அவர் விரும்பிக் கேட்ட இடம் அது அன்று; அணிக்குத் தேவைப்பட்ட இடம். ஜூலை 8ஆம் தேதி குரோவாசியாவுக்கு எதிரான அரையிறுதியில் நடந்தது, அந்த இடமாற்றத்தின் நன்மை தீமை இரண்டையும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட்டது.

இரண்டாம் பாதி தொடங்கிய முதல் நிமிடத்தில், பிரான்சின் மற்ற தடுப்பாட்டக்காரர்கள் ஒரே கோட்டில் மேலேறி நிற்க, வலப்பக்கம் துராம் மட்டும் சில அடி பின்தங்கி நின்றுவிட்டார். அவர் அங்கே நின்றதால் குரோவாசியாவின் டாவோர் சூக்கர் ஆஃப்சைடு (தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நிற்கும் குற்றம்) ஆகவில்லை. பந்து வந்தது, கோல் விழுந்தது. காணொளியை நிறுத்திப் பார்த்தால் தவறு யாருடையது என்பதில் ஐயமே வராது. ஆனால் அடுத்த நிமிடமே அதே துராம், குரோவாசியாவின் பெனால்டி பகுதிக்கு முன்னால் எதிரணியின் போபனிடமிருந்து பந்தைப் பறித்து, சக வீரர் ஜோர்கேஃபிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி, வலது காலால் கோலுக்குள் அனுப்பினார். ஏறத்தாழ 70ஆவது நிமிடத்தில், மறுபடியும் வலது ஓரத்தில் தானே போராடிப் பறித்த பந்தை, இந்த முறை பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது காலால் வளைத்துத் தூர மூலைக்குள் போட்டார். போட்டுவிட்டு முழங்காலிட்டு, விரலை உதட்டருகே வைத்து, ஏதோ கணக்குப் புரியாதவரைப்போல் உட்கார்ந்திருந்த அந்தப் படத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகர் குறைவு. பிரான்சுக்காக அவர் ஆடிய 142 ஆட்டங்களில் அடித்த கோல்கள் மொத்தமே இந்த இரண்டுதான். அந்தத் தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார்.

இதில் எனக்கு ஒரு சிறு குறையும் உண்டு. இந்த இரண்டு கோல்களும்தான் அவரை உலக மனத்தில் வலது பேக்காக உறையவைத்துவிட்டன. ஏழு ஆட்டங்களில் பிரான்சு வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று பெனால்டி என்பதைப் பற்றிப் பேசுவோர் அரிது.

2001 கோடையில் யுவெந்துஸ், சிதானை அப்போதைய உலகச் சாதனைத் தொகைக்கு ரியால் மாட்ரிட்டிடம் விற்றது. வந்த பணத்தில் அது வாங்கியவர்களில் புஃபோனும் துராமும் இருந்தார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு, ஒரு கோல்கீப்பரையும் ஒரு தடுப்பாட்டக்காரரையும் பெரும் விலைக்கு வாங்கிய அந்த முடிவைப் பலர் கேலி செய்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் இன்டர் மிலான் லாசியோவிடம் தோற்க, யுவெந்துஸ் ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. மறு ஆண்டும் வென்றது. பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பியின் அணியில் துராமின் இடம் பெரும்பாலும் வலது ஓரம். 2003இல் இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டி) இறுதியில் அங்கேதான் ஆடினார். கோலே விழாமல் முடிந்த அந்த ஆட்டத்தை ஏசி மிலான் பெனால்டிகளில் வென்றது. பின்வரிசை தன் வேலையைக் குறைவின்றிச் செய்த இரவில், ஒரு கோப்பை இப்படிக் கைநழுவியது.

2004இல் ஃபாபியோ கபெல்லோ பயிற்சியாளராக வந்ததும், கன்னவாரோ இன்டரிலிருந்து யுவெந்துசுக்கு வந்ததும், துராம் மறுபடி நடுவுக்குத் திரும்பினார். புஃபோன், கன்னவாரோ, துராம் என்ற பார்மாவின் அதே மூவர், வேறு சட்டையில். தடுப்பாட்டத்தில் பழக்கம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அந்த இரண்டு பருவங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: ஒருவர் முன்னேறிப் பந்தைப் பறிக்கப் போனால் மற்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் வந்து நிற்பார். இரண்டு ஆண்டும் யுவெந்துஸ் முதலிடம் பிடித்தது. ஆனால் நடுவர் நியமனத்தில் கிளப் நிர்வாகிகள் தலையிட்ட ஊழல் 2006இல் வெளிப்பட்டதால் இரண்டு பட்டங்களும் பறிபோயின. ஆட்டக்காரர்கள் மீது குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டது அவர்களுடைய உழைப்பும்தான். கோப்பைகளை மட்டும் எண்ணி மதிப்பிடக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஊழல் வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் 2006 உலகக் கோப்பை நடந்தது. 2004இல் தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த துராம், சிதான், மக்கலேலே மூவரும் மறு ஆண்டு திரும்பி வந்திருந்தார்கள். இந்த முறை துராமின் இடம் வில்லியம் காலாசுக்குப் பக்கத்தில், நடுவில். ஏழு ஆட்டங்களில் பிரான்சு வாங்கியவை மூன்று கோல்கள், அவற்றில் ஸ்பெயின் அடித்தது பெனால்டியால், இத்தாலி அடித்தது முனை உதையால் வந்தது. ரொனால்டோவும் ரொனால்டினியோவும் காகாவும் சேர்ந்து ஆடிய பிரேசில் காலிறுதியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 34 வயதில் அவர் ஆடிய ஆட்டம் 1998இல் ஆடியதைவிடச் சிறந்தது என்பது என் கருத்து. இதில் பலர் என்னோடு உடன்படமாட்டார்கள். பெர்லின் இறுதியில் எதிரே நின்ற இத்தாலியின் கோல்கீப்பர் புஃபோன், அணித்தலைவர் கன்னவாரோ. பெனால்டிகளில் இத்தாலி வென்றது. ஐந்தாவது நாள் யுவெந்துசை இரண்டாம் பிரிவுக்கு இறக்கும் தீர்ப்பு வந்தது. பார்மாவிலும் யுவெந்துசிலும் ஒன்றாக ஆடிய மூவரில் கன்னவாரோ ரியால் மாட்ரிட்டுக்கும் துராம் பார்சிலோனாவுக்கும் போக, புஃபோன் மட்டும் தங்கிவிட்டார்.

பார்சிலோனாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 50 லட்சம் யூரோவுக்கு வந்தார். தடுப்பாட்டக்காரர்கள் புயோலும் மார்க்கெசும் இருந்த அணியில் எல்லா ஆட்டங்களிலும் இடம் கிடைக்கவில்லை. 2006-07இல் ரியால் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் சம புள்ளிகளில் முடிக்க, இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் பட்டம் மாட்ரிட்டுக்குப் போனது. பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக்கை வென்றது 2006இலும் 2009இலும்; துராம் அங்கே இருந்தது சரியாக அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டு பருவங்கள். அந்தக் கோப்பை கடைசிவரை அவர் கைக்கு வரவே இல்லை.

2008இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் கிளப்புக்கு மாறுவது ஏறத்தாழ முடிவான நிலையில், மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத்தில் குறைபாடு இருப்பது தெரிந்தது. அதே குறைபாட்டால் தன் சகோதரர் இறந்திருந்ததாக அவர் சொன்னார். ஆகஸ்டில் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். அதே ஆண்டில் இனவெறிக்கு எதிரான கல்விக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிரான்சுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற அவருடைய சாதனையை 2022 உலகக் கோப்பையில் கோல்கீப்பர் ஊகோ லோரிஸ் தாண்டினார்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால், கோல் தொகுப்புகளை விட்டுவிட்டு இரண்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள்: 1999 மாஸ்கோ இறுதி, 2006இல் பிராங்க்பர்ட்டில் நடந்த பிரேசில் காலிறுதி. முதலாவதில் 21ஆம் எண் சட்டையையும் இரண்டாவதில் 15ஆம் எண் சட்டையையும் மட்டும் தொடருங்கள். பந்து எதிர்ப் பக்கத்தில் இருக்கும்போது அவர் எத்தனை முறை தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.